யாருக்கும் உதவாத மெத்தை

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மெத்தைத் துணியில் ஓடியது நீலக் கோடா பழுப்புக் கோடா என்பதே ஒவ்வொரு தடவையும் மாறிப்போகிறது. தம்பிக்காரர் சொன்னது பாதி, அவருடைய அண்ணி சொன்னது பாதி. நடுவில் நானாக நிரப்பிக்கொண்டதும் கொஞ்சம் இருக்கும். அதெல்லாம் முன்பின்னாக இருந்தாலும் பாதகமில்லை. ஆனால் கடைசியில் ஒரு சொல் வருகிறது. அதில் ஓரெழுத்து மாறினால் கதையே மாறிவிடும். அந்த அறையில் இருந்த இருவரும் அந்த எழுத்தைப் பற்றி இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

அண்ணன் மெத்தை தைக்கிறவர். கடைத்தெருக் கோடியில், மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்த ஒரு கூடம்தான் அவருடைய பட்டறை. ஒரு மூலையில் பழைய மெத்தைகளைப் பிரித்துக் கொட்டிய பஞ்சு. இன்னொரு மூலையில் அந்தப் பஞ்சைப் பிய்த்து உதறும் இயந்திரம். நடுவில் விரித்த சாக்கின்மேல் உட்கார்ந்து, நீள ஊசியை மேலிருந்து குத்திக் கீழே வாங்கி, கீழிருந்து குத்தி மேலே வாங்கி, நூலை முறுக்கி முடிச்சுப் போடுவார். புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். வாலிபத்திலேயே நரைத்தவர் போலத் தெரிவார். வாடிக்கையாளர் பேசினால் கேட்டுக்கொள்வார். பதில் வருவதற்குள் ஒரு வரிசைத் தையல் முடிந்துவிடும்.

கல்யாணமான புதிதில், சபையில் ஒரு உபவாச நாளன்று போதகர் எல்லோரையும் ஆளுக்கொரு பயிற்சியை ஏற்றுக்கொள்ளச் சொன்னாராம். ஒருவர் விடியற்கால ஜெபம் என்றார். ஒருவர் வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விடுவதாகச் சொன்னார். மெத்தைக்காரர் கொடுப்பதை எடுத்துக்கொண்டார். தினமும், முதல் கவளம் வாய்க்குப் போவதற்கு முன்னால், வீட்டிலிருந்து ஏதாவது ஒன்று வெளியே போயிருக்க வேண்டும். மிச்சத்தைக் கொடுக்கக் கூடாது. தனக்கு வேண்டியதைத்தான் கொடுக்க வேண்டும். மற்றவர்களின் பயிற்சி அடுத்த உபவாச நாள்வரை தாங்கவில்லை. இவருடையது ஆயுள் முழுக்கத் தாங்கியது.

குடை போயிற்று. சுவர்க் கடிகாரம் போயிற்று. கைவைத்த நாற்காலி போயிற்று. கொடுக்க எதுவும் அகப்படாத ஒருநாள், வீட்டுக் கூடத்து பல்பைக் கழற்றி மாடிப்படியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். அண்ணி இருட்டில் தட்டைத் தடவிக்கொண்டே, "ஒருநாள் என்னையும் யாருக்காவது தூக்கிக் குடுத்துடுவாரு. வாங்கிக்க ஆள் கெடைக்காததால இங்க இருக்கேன்," என்றார். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு ரசித்துச் சாப்பிட்டார் என்று அண்ணி சொல்வார்.

அவருக்கு இன்னொரு விதியும் இருந்தது. அதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரக் கூடாது. தைத்ததற்குக் கூலி வாங்குவார். அதற்கு மேல் ஒரு வாழைப்பழத்தைக்கூட வாங்க மாட்டார். கொடுக்கிறவன் வாங்க ஆரம்பித்தால் அது வியாபாரமாகிவிடும் என்பது அவருடைய கணக்கு. யார் எதை நீட்டினாலும் "வேணாம்" என்பார். கோபமாக அல்ல, மிருதுவாக. கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிற மாதிரி. சபையில் அவருக்கு வேணாமண்ணன் என்றே பேராகிவிட்டது. ஆராதனை முடிந்து தேநீர்த் தட்டு வரும்போது, அவருக்கு முன்னால் வந்ததும் தட்டு தானாகவே அடுத்தவருக்கு நகர்ந்துவிடும். கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

தம்பி வேறு ரகம். கையில் எதுவும் நிற்காது. பார்சல் கிடங்கில் மூட்டை இறக்கி ஏற்றும் வேலை ஒன்றுதான் கடைசியில் நிலைத்தது. அதுவும் அண்ணன் போய்ச் சொல்லி வாங்கிக்கொடுத்தது. படிப்பு அண்ணன் கொடுத்தது. உடுத்த சட்டை அண்ணன் உடுத்தியது. வாடகை வீட்டுக்கு முன்பணம், கல்யாணத்துக்கு மெத்தை, பிள்ளைகளுக்குக் கட்டில், எல்லாம் அண்ணன். தம்பி மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம். "இந்த வீட்ல உங்களோடதுன்னு சொல்லிக்க என்ன இருக்கு? உங்க பேரு ஒண்ணுதான். அதையும் அவர்தான வச்சாரு?" என்பாள். உண்மைதான். தம்பி பிறந்தபோது அண்ணனுக்கு விவரம் தெரிகிற வயது. பேரை அவர்தான் சொன்னார்.

தம்பிக்கு நன்றி இல்லாமல் இல்லை. நன்றி நெஞ்சுவரை நிரம்பி, கொட்ட இடமில்லாமல் புளித்துப்போயிருந்தது. அண்ணனுக்கு ஒரே ஒரு தடவை எதையாவது கொடுக்க வேண்டும், அண்ணன் அதை வைத்துக்கொள்ள வேண்டும். வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான். ஒரு வருடம் கம்பளிச் சட்டை ஒன்று வாங்கிவந்து, மேசைமேல் வைத்துவிட்டு, வேணாம் என்ற சொல் வருவதற்குள் ஓடிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபை வாசலைப் பெருக்குகிற அம்மாள் அந்தச் சட்டையோடு நின்றார். ஆராதனையில் எழுந்து, மெத்தைக்கார அண்ணனுக்காகக் கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொன்னார். எல்லோரும் ஆமென் என்றார்கள். தம்பியும் சொன்னார். அந்த ஆமென் தொண்டையைவிட்டு இறங்கப் பல நாள் ஆயிற்று.

பஞ்சுத் தூசி சும்மா விடாது. அண்ணனுக்கு இருமல் வந்தது, இருமலோடு இளைப்பு வந்தது, பிறகு நடந்தால் மூச்சு முட்டியது. பட்டறையைப் பூட்டினார்கள். வீட்டில் அவர் படுத்திருந்தது ஒரு கடையின் கல்லாப் பலகை. கடை மூடியபோது யாரோ எறிந்ததை எடுத்துக் கால் அடித்துக் கட்டிலாக்கியிருந்தார். அவருடைய சொந்த மெத்தை எப்போதோ போய்விட்டது. பலகையின்மேல் மடித்த போர்வை ஒன்று, அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் மெத்தை தைத்தவர் கட்டையில் கிடப்பதைப் பார்த்து வந்தவர்கள் சங்கடப்பட்டுச் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தோல் சிவக்க ஆரம்பித்துவிட்டது, இனி புண் விழும், மெத்தென்ற படுக்கையில் தலைப்பக்கம் உயர்த்திப் படுக்கவைக்க வேண்டும் என்றார். அண்ணி அதைத் தம்பியிடம் சொன்னார். அண்ணன் அதற்கும் வேணாம் சொல்லிவிட்டதையும் சொன்னார்.

தம்பி யோசித்தார். வாங்கிக்கொண்டு போனால் கம்பளிச் சட்டையின் கதிதான். அதை இன்னொருவரால் பயன்படுத்த முடிந்தால் அது நிச்சயம் போய்விடும். அப்படியானால் வேறு யாருக்கும் உதவாத மெத்தை ஒன்று வேண்டும். கல்லாப் பலகை எந்தக் கட்டிலின் அளவிலும் சேராது. நீளம் சரி, அகலம் ஒரு ஆளுக்கே போதாது. அந்த அளவுக்குத் தைத்து, தலைப்பக்கம் சரிவாகப் பஞ்சை ஏற்றிவிட்டால் உலகத்தில் ஒரே ஒருவர்தான் அதில் படுக்க முடியும். இந்த எண்ணம் வந்தபோது தம்பி கிடங்கில் மூட்டையோடு நின்றுவிட்டாராம். பின்னால் வந்தவர் முட்டிக்கொண்டு, "என்ன சாமி, சுமையோட தூக்கமா?" என்று கேட்டார்.

பட்டறைச் சாவி அண்ணியிடம் இருந்தது. சாயங்காலங்களில் தம்பி போய்த் திறந்துகொண்டார். அண்ணன் தொழிலைக் கற்றுத்தருகிறேன் என்று கூப்பிட்ட காலத்தில் அவர் போகவில்லை. அதையும் வாங்கிக்கொள்ள அவருக்கு மனமில்லை. இப்போது யாரும் சொல்லித்தராமல், நினைவில் இருந்த அண்ணனின் கைகளைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். பஞ்சு ஒரு பக்கம் கட்டியாகச் சேர்ந்தது, இன்னொரு பக்கம் கரைந்துபோயிற்று. ஊசி உள்ளங்கையில் ஏறியது. பிரித்தார், மறுபடி தைத்தார். முடிந்தபோது அது மெத்தை மாதிரியும் இருந்தது, எதையோ விழுங்கிவிட்டுப் படுத்திருக்கும் மிருகம் மாதிரியும் இருந்தது. கோடுபோட்ட துணி. நீலமென்றே வைத்துக்கொள்வோம்.

அதைத் தோளில் போட்டுக்கொண்டு போய்ப் பலகை ஓரத்தில் வைத்தார். அண்ணன் ஒருக்களித்துத் திரும்பினார். கையை நீட்டி ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். விரலால் தையலை எண்ணுகிறவர் போல வருடிக்கொண்டே வந்து, கட்டி இருந்த இடத்தில் நிறுத்தினார். அழுத்தினார். உதட்டோரம் லேசாக வளைந்தது.

"யார் தச்சது?"

"நான்தாண்ணே."

"முடிச்சு எல்லாம் செருப்புத் தைக்கிற முடிச்சா இருக்கே," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "தலைமாட்டுக்குச் சரிவு எல்லாம் வச்சிருக்க," என்றார். பிறகு கையை எடுக்காமலேயே, "வச்சிட்டுப் போ," என்றார்.

வேணாம் என்று சொல்லவில்லை. தம்பி தெருவில் இறங்கியபோது கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம், அண்ணன் வாங்கிக்கிட்டாரு, வாங்கிக்கிட்டாரு என்று சொல்லிச் சொல்லி அன்றைக்கு அவளையே சிரிக்கவைத்துவிட்டார்.

அடுத்தமுறை போனபோது, அண்ணன் குடியிருந்த கட்டடத்தின் வாசலிலேயே அதைப் பார்த்தார். அங்கே காவலாளி உட்காரவும் படுக்கவும் ஒரு மரப் பெஞ்சு இருந்தது. அதன்மேல் அது ஒரு விரல்கூட நீட்டிக்கொள்ளாமல், குறையாமல், கச்சிதமாகப் பொருந்திக் கிடந்தது. காவலாளி அதன் சரிவில் சாய்ந்துகொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி, உங்கண்ணன் மனுஷனே இல்ல," என்றார் நெகிழ்ந்துபோய். "பெஞ்சுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரியே இருக்கு பாருங்க."

தம்பி பார்த்தார். பிறகு மாடியேறினார்.

அண்ணன் பலகையில் போர்வைமேல் கிடந்தார். தம்பி கேட்பதற்கு முன்பே, "அவனுக்கு முதுகு சரியில்லடா," என்றார்.

"உங்களுக்கு?"

"எனக்குப் பழகிடுச்சு."

"அதை உங்களுக்குத்தான தச்சேன்."

"தெரியும். ஒருநாள் படுத்தேன். நல்லா இருந்துச்சு. ரொம்ப நாளைக்கு அப்புறம் தூக்கம் வந்துச்சு. அதனாலதான் குடுத்தேன். நமக்கு நல்லா இருக்கறதைத்தான குடுக்கணும்? வேணாங்கறதைக் குடுத்தா குப்பை கொட்றதுக்குச் சமம்."

இதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு கூலியாள் தன் வேலையை விளக்குகிற மாதிரிதான் சொன்னார். அதுதான் தம்பியைத் தாங்கமுடியாமல் செய்தது. அவர் அண்ணன் முன்னால் அதுவரை குரலை உயர்த்தியதில்லை. அப்போதும் உயர்த்தவில்லை.

"ஒரு தடவைண்ணே. ஒரே ஒரு தடவை எங்கிட்ட வேணும்னு சொல்லுங்க. தண்ணி வேணும்னாவது சொல்லுங்க."

"நான் என்ன பிச்சைக்காரனாடா, கேக்கறதுக்கு?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. தம்பி தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். அது அண்ணனுடைய பழைய சட்டை.

"அப்ப இத்தனை வருஷமா நான் யாருண்ணே?"

அண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூச்சு மட்டும் வந்தது. கண்களைத் தம்பியின் முகத்திலிருந்து எடுக்காமல், முதல்முறையாக அவரைப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி சுற்றியது. தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். கடைசியில் தம்பி எழுந்து போனார். அண்ணன் தடுக்கவில்லை. இரு என்று சொல்வதும் ஒருவகையில் கேட்பதுதான்.

அதற்குப் பிறகு தம்பி அந்தப் பக்கம் போகவில்லை. அண்ணிதான் ஒருநாள் கிடங்கைத் தேடி வந்தார். மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, முதுகில் புண் விழுந்துவிட்டது, திருப்பிப் போட முடியவில்லை என்றார். போதகர் வந்திருந்ததைச் சொன்னார். போதகர் கட்டிலருகே மண்டியிட்டு, உங்களுக்காக என்ன வேண்டிக்கொள்ளட்டும் என்று கேட்டாராம். அண்ணன் யோசித்தார். காவலாளியின் முதுகுக்காக என்றார். சரி, அப்புறம் என்றார் போதகர். பட்டறைப் பக்கத்துக் கடைக்காரரின் மகளுக்காக என்றார். அதுவும் சரி, உங்களுக்காக என்றார் போதகர். அதற்குப் பிறகு அண்ணன் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். போதகர் காத்திருந்தார். முழங்கால் வலித்து இடம் மாற்றி மண்டியிட்டு மறுபடி காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. கடைசியில் பொதுவாக ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"அவர் போனப்புறம் எங்கிட்ட சொல்றாரு," என்றார் அண்ணி. "'கேக்கற எடம் மூடிப்போச்சு. ஆண்டவர்கிட்டயும் எனக்குன்னு எதையும் கேட்டதில்ல. இப்பக் கேக்கலாம்னு பாத்தா அங்க யாரும் இருக்கற மாதிரி தெரியல'ங்கறாரு." அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குப் பயமா இருக்கு தம்பி. சாவுக்குப் பயமில்ல. அவரு இப்படிச் சொன்னதுக்குத்தான்."

தம்பி முதலாளியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மனைவி வெளியே போயிருந்தாள். தங்கள் கட்டிலிலிருந்து மெத்தையை உருவினார். கல்யாணத்துக்கு அண்ணன் தைத்துக்கொடுத்தது. இத்தனை வருடப் பாரத்துக்கும் நடுவில் குழி விழாமல், ஒரு முடிச்சுக்கூட அவிழாமல் இருந்தது. அதைச் சுருட்டிக் கயிறு கட்டி, கிடங்கின் தள்ளுவண்டியில் போட்டு, மொட்டை வெயிலில் தெருக்களைக் கடந்து தள்ளிக்கொண்டு போனார். காவலாளி பெஞ்சிலிருந்து எழுந்து ஒருபக்கம் பிடித்து மேலே ஏற்ற உதவினார்.

அறைக்குள் நுழைந்ததும் புண்ணின் வாடை அடித்தது. அண்ணன் ஒருக்களித்து, தலையணைகளில் சாய்த்துவைக்கப்பட்டிருந்தார். ஒவ்வொரு மூச்சும் தனித்தனியாகச் செய்யப்படுகிற வேலையாக இருந்தது. கண் திறந்திருந்தது. தம்பியைப் பார்த்தது, மெத்தையையும் பார்த்தது.

அப்போதே விரித்திருக்கலாம். இருவர் சேர்ந்து தூக்கினால் ஒரு நிமிட வேலை. அண்ணியும் அதைத்தான் சொன்னார். "தூக்கறேன், நீ போடு தம்பி."

"அவர் சொல்லட்டும் அண்ணி."

"சொல்ற நெலமையிலயா இருக்காரு?"

"ஒரு வார்த்தை. சொன்னா போட்டுடறேன்." தம்பி சுருட்டிய மெத்தையைக் கட்டிப்பிடித்தபடி கட்டிலருகே குனிந்தார். "அண்ணே, நீங்க தச்சதுதான். போடட்டுமா?"

அண்ணனின் உதடு அசைந்தது. முதல் எழுத்துக்கு மேல்பல் கீழுதட்டில் பட்டதை இருவருமே பார்த்தார்கள். பிறகு காற்று வந்தது. காற்றோடு ஒரு சொல் வந்தது.

தம்பிக்குக் கேட்டது வேணும்.

அண்ணிக்குக் கேட்டது வேணாம்.

"வேணாங்கறாரு," என்றார் அண்ணி. "வச்சிடு. கடைசி நேரத்துல அவரைக் கஷ்டப்படுத்தாத."

"வேணும்னுதான் சொன்னாரு."

"எத்தனை வருஷமா அந்த வாயைக் கேட்டுக்கிட்டு இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"அத்தனை வருஷமா ஒண்ணையே கேட்டதால உங்களுக்கு அது மட்டும்தான் கேக்குது."

குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். நோயாளியின் அறை என்ற நினைப்பு இருந்தது. இருவரும் அவர்மேல் இருந்த பாசத்தால்தான் பேசினார்கள். அண்ணி, அவருடைய பேச்சை ஒருநாளும் மீறாதவர். தம்பி, அந்த ஒரு சொல்லுக்காகவே வந்தவர். பிறகு தம்பி திரும்பி, "அண்ணே, இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே, அண்ணிக்குக் கேக்கல," என்றார். கண் அவரைப் பார்த்தபடியேதான் இருந்தது. ஆனால் அடுத்த மூச்சு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

மெத்தையை அப்புறம் விரித்தார்கள். உடலைக் குளிப்பாட்டிக் கிடத்துவதற்கு அது தேவைப்பட்டது. அகலம் அதிகமாக இருந்ததால் பலகையின் இரண்டு பக்கமும் தொங்கியது. ஒரு கட்டிகூட இல்லாத தையல். வந்தவர்களில் பலர் அவருடைய குடையோடும் அவருடைய சட்டையோடும் வந்தார்கள். வாசல் பெருக்குகிற அம்மாள் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து சத்தமாக அழுதார். போதகர் கொடுத்து வாழ்ந்த மனிதர் என்று பேசினார். பேச்சின் நடுவே கட்டிலைப் பார்த்தார். பிறகு முடித்துக்கொண்டார்.

போதகர் வேறு சபைக்கு மாறிப்போனார். பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். கட்டடத்தை விற்றபோது காவலாளியின் வேலை போய்விட்டது. பெஞ்சையும் அதன்மேல் கிடந்ததையும் புதிதாக வந்தவர்கள் வெளியே போட்டார்கள், மழையில் நனைந்து கிடந்தது, பிறகு குப்பை வண்டி எடுத்துக்கொண்டு போயிற்று. அண்ணி தன் அக்கா வீட்டில் இருக்கிறார். கொடுத்ததைச் சாப்பிடுகிறார், இன்னும் வேண்டுமா என்று கேட்டால் அழுதுவிடுகிறார் என்பதால் கேட்காமலேயே பரிமாறுகிறார்கள். அவரும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. தம்பி கிடங்கில்தான் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்காருகிறார், காணிக்கைப் பை வந்தால் பக்கத்தில் நகர்த்திவிடுகிறார். ஜெப விண்ணப்பம் யாருக்காவது உண்டா என்று கேட்கும்போது கையைத் தூக்குவதில்லை. அண்ணனைக் கிடத்திய மெத்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து சுருட்டிக் கயிறு கட்டி மூலையில் நிறுத்தியிருக்கிறார். அவரும் மனைவியும் தரையில் படுக்கிறார்கள்.